பதினைந்து பேர் கூடும் ஆங்கிலிக்கன் ஐக்கியம்: ஆராதனை, சாப்பாடு, வேதபாடம்

பத்து முதல் இருபது பேர் வரை ஒரு வீட்டுக் கூடத்திலோ ஆலயத்தின் பக்க அறையிலோ கூடுகிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்த ஆங்கிலிக்கன் சபையின் ஆராதனை நூலான ஜெபப்புத்தகத்தின்படி ஆராதிக்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், வேதம் படித்துவிட்டுக் கலைகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தை நடத்துகிறவர்களுக்கான பதிவு இது.

மூன்றையும் ஒரே மாலையில் வைத்தால் ஒன்றின் நேரத்தை இன்னொன்று தின்னும். ஆராதனை நீண்டால் சாப்பாடு ஆறிவிடும். சாப்பாடு நீண்டால் வேதபாடத்தில் பாதிப் பேர் கண்ணயர்வார்கள். வேதபாடம் நீண்டால் அடுத்த வாரம் ஆளே வராது. சின்னக் கூட்டம்தானே, ஒழுங்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கு நேர்மாறானது. ஆள் குறையக் குறைய, அச்சிட்ட முறைதான் கூட்டத்தைத் தாங்கும். நூறு பேர் இருக்கும் ஆலயத்தில் நடத்துகிறவர் ஒரு வரியில் தடுமாறினாலும் சபையின் குரல் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். பதினைந்து பேரில் ஒருவர் தடுமாறினால் அறையே தடுமாறும்.

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலை ஆராதனை 30 நிமிடம், சாப்பாடு 45, வேதபாடம் 40, முடிவு ஜெபம் 5. மொத்தம் இரண்டு மணி நேரம். திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை, உள்ள நாளில் இருபது நிமிடம் கூடும். வரிசையும் இதேதான்: முதலில் ஆராதனை, பிறகு சாப்பாடு, கடைசியில் வேதபாடம். சாப்பாட்டை முதலில் வைத்தால் தாமதமாக வருகிறவர்களுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள், சங்கீதம் வாசிக்கும்போது வயிறு கனக்கும். வேதபாடத்தைச் சாப்பாட்டுக்குப் பின் அதே மேசையில் வைத்தால் அது வகுப்பாக மாறாமல் பேச்சாகவே இருக்கும். சிறு குழந்தைகள் அதிகமுள்ள கூட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே ஆராதனையை 20 நிமிடத்துக்குள் முடித்து, உடனே சாப்பாடு போட்டுவிடுவதே நல்லது.

முதல் தீர்மானம், அன்றைக்குத் திருவிருந்தா மாலை ஆராதனையா என்பது. இது வசதியைப் பொறுத்ததல்ல, நடத்துகிறவரைப் பொறுத்தது. பேராயரால் அபிஷேகம் பெற்ற குருவானவர் இருந்தால்தான் திருவிருந்து. டீக்கனோ (குருவானவருக்கு அடுத்த நிலை ஊழியர்) வாசகரோ அதை நடத்த முடியாது. மாலை ஆராதனையை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஆனால் சபையின் பொறுப்புக் குருவானவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புதலோடு கூடுவதே முறை. அவருக்குத் தெரியாமல் வளரும் வீட்டுக் கூட்டம் இன்னொரு சபையாகப் பிரியும் வழியில்தான் போகும்.

எண்ணிக்கையும் கணக்கில் வரும். 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம், குருவானவரோடு குறைந்தது மூன்று பேராவது திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்கிறது. குருவானவர் தனியாகவே திருவிருந்து நடத்திக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துவதற்காக வந்த விதி அது. சிறு கூட்டங்களுக்கு இதில் ஆறுதலும் இருக்கிறது. மழை நாளில் நான்கு பேர்தான் வந்தார்கள் என்றால் ரத்து செய்யத் தேவையில்லை.

குருவானவர் இல்லாத நாளில் சிலர் ஒரு குறுக்குவழி தேடுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் அப்பத்தையும் திராட்சைச் சாற்றையும் வைத்து, கடைசி இராப்போஜன வசனங்களை வாசித்து, “இது அன்பின் விருந்துதான், திருவிருந்து இல்லை” என்று சொல்லிப் பகிர்வார்கள். சொல்லுகிறவருக்கு வித்தியாசம் தெரியும். புதிதாக வந்தவருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியாது. அன்பின் விருந்து வைக்க வேண்டுமானால் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி ஜெபித்துச் சாப்பிட்டாலே போதும். அப்பத்தையும் திராட்சரசத்தையும் அந்த வசனங்களையும் ஒன்றுசேர்க்காமல் விடுங்கள். கொரிந்து சபையில் பவுல் கண்டித்ததும் இதையொத்த ஒரு குழப்பத்தைத்தான். 1 கொரிந்தியர் 11இல் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறிகொள்ளுகிறான், இரண்டு விருந்தும் ஒன்றாகக் கலந்துபோயிருக்கிறது. அதற்கு அவர் சொன்ன தீர்வு இரண்டு வரி: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள், பசி தாங்காதவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

இனி மாலை ஆராதனை. மூல அமைப்பு 1549, 1552ஆம் ஆண்டு ஜெபப்புத்தகங்களிலிருந்து வருவது, இன்றைய புதிய முறைகளிலும் எலும்புக்கூடு அதேதான். தொடக்க வசனம், பாவ அறிக்கை, மன்னிப்பு, கர்த்தருடைய ஜெபம், சங்கீதம், பழைய ஏற்பாட்டு வாசிப்பு, மரியாளின் பாட்டு (லூக்கா 1:46-55), புதிய ஏற்பாட்டு வாசிப்பு, சிமியோனின் பாட்டு (லூக்கா 2:29-32), அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், மாறிமாறிச் சொல்லும் விண்ணப்பங்கள், மூன்று ஜெபங்கள், பின்பு மற்ற வேண்டுதல்கள். மூன்று ஜெபங்களில் முதலாவது அந்த நாளுக்குரியது, அடுத்தது சமாதானத்துக்காக, கடைசியானது இரவின் ஆபத்துகளிலிருந்து காப்பதற்காக. இதில் எதையும் வெட்ட வேண்டிய அவசியமில்லை. நிதானமாகச் சொன்னாலும் பாட்டு இல்லாமல் 25 நிமிடத்தில் முடியும். நேரம் போவது இடையிடையே நடத்துகிறவர் தரும் விளக்கத்தில்தான். “இப்போது நாம் ஏன் பாவ அறிக்கை செய்கிறோம் என்றால்...” என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு நிமிடம் போகும், கூடவே ஜெபமும் போய்விடும். விளக்கம் வேதபாடத்தில் வரட்டும்.

பாவமன்னிப்பை அறிவிப்பது குருவானவரின் பொறுப்பு. மற்றவர் நடத்தும்போது “உங்களுக்கு” என்று சொல்லாமல் “எங்களுக்கு” என்று மன்னிப்பை வேண்டும் ஜெபமாகச் சொல்ல வேண்டும். 1662 முறையில் நடத்துகிறவர்கள் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 21ஆம் ஞாயிறின் ஜெபத்தை அந்த இடத்தில் வைப்பது வழக்கம். மன்னிப்பையும் சமாதானத்தையும் கேட்கும் ஜெபம் அது, அளவெடுத்த மாதிரிப் பொருந்தும். கையேட்டிலேயே இதை அச்சிட்டுவிட்டால் யார் நடத்தினாலும் தவறு வராது.

சிறு கூட்டத்தில் ஆராதனையின் தரம் தெரிவது சங்கீதத்தில். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்த வசனம் அந்தப் பக்கம் என்று வாசியுங்கள். ஒவ்வொரு வசனமும் நடுவில் இரண்டாகப் பிரியும். அந்த இடத்தில் எல்லோரும் ஒரு மூச்சு எடுக்கும் அளவுக்கு நிறுத்த வேண்டும். வசனம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் இடைவெளி விடாமல் தொடங்க வேண்டும். பழக்கமில்லாத கூட்டத்தில் இது தலைகீழாக நடக்கும். நடுவில் நிற்காமல் ஓடி, வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் யார் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். பக்கத்துக்கு ஒருவரை முன்குரலாக வைத்து, நடு நிறுத்தத்தில் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னால் மூன்றாவது வாரம் சரியாகிவிடும். நிறுத்தும் இடத்தில் அச்சில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள்.

எந்தச் சங்கீதம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்கு, காலை மாலை என்று 60 பங்காகப் பிரித்திருக்கிறது. தினமும் ஜெபிக்கிறவர்களுக்கு அருமையான ஏற்பாடு. வாரம் ஒருமுறை கூடுகிறவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், 15ஆம் தேதி மாலையில் 78ஆம் சங்கீதம் முழுவதும் வந்து நிற்கும். எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள். சோறு ஆறிவிடும். வாராந்தரக் கூட்டத்துக்கு ஞாயிறு வாசிப்பு அட்டவணையில் கொடுத்திருக்கும் சங்கீதமே அளவானது.

அந்த அட்டவணை மூன்றாண்டுச் சுழற்சி. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாவது மாற்கு, மூன்றாவது லூக்கா. யோவான் எல்லா ஆண்டிலும் இடையிடையே வரும். எந்த ஆண்டு நடக்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு சுருக்கு வழி: மூன்றால் மீதியின்றி வகுபடும் ஆண்டின் அட்வெந்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த காலத்தில்) மத்தேயு தொடங்கும். 2025 வகுபடும், ஆகவே அந்த அட்வெந்திலிருந்து மத்தேயு. 2026 அட்வெந்திலிருந்து மாற்கு. சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, கிறிஸ்துமஸுக்கு முன் நான்காவது ஞாயிறில் தொடங்குகிறது. இதை மறந்துதான் பலரும் டிசம்பரில் பழைய அட்டவணையை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

வாசிப்பவருக்கு இரண்டு நாள் முன்பே பகுதியைச் சொல்லிவிடுங்கள்: புத்தகம், அதிகாரம், தொடக்க வசனம், முடிவு வசனம். கூட்டத்தில் உட்கார்ந்த பிறகு “யாராவது வாசிக்கிறீர்களா” என்று கேட்டால் அதே இருவர்தான் கை தூக்குவார்கள். போனில் பார்த்து வாசிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பெயர்ப் பட்டியலின் நடுவில் திரை அணையும், இல்லாவிட்டால் ஒரு செய்தி வந்து வசனத்தை மறைக்கும். வாசித்து முடித்ததும் அரை நிமிடம் மௌனம். அந்த அரை நிமிடத்தை நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்த்தே விட வேண்டும். இல்லையென்றால் ஏழு விநாடியில் பதறி அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார்.

வேண்டுதல் நேரம்தான் கூட்டத்தின் பெரிய ஓட்டை. திறந்துவிட்டால் ஒருவர் எட்டு நிமிடம் ஜெபிப்பார், அதில் பாதி கடவுளுக்குச் சொல்லப்படும் குடும்பச் செய்தியாக இருக்கும். ஐந்து தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள்: திருச்சபை, உலகமும் ஆளுகிறவர்களும், இந்த ஊர், துன்பப்படுகிறவர்கள், விசுவாசத்தில் மரித்தவர்கள். தலைப்புக்கு ஒருவர், இரண்டே வாக்கியம், பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஒரு வரி. நோயாளிகளின் பெயரைச் சொல்லும் முன் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். பெயர் மட்டும் போதும். நோயின் பெயரும் ஆஸ்பத்திரி விவரமும் வேண்டாம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பரவும் வம்பு சின்ன ஐக்கியங்களை உடைத்துவிடும்.

பாட்டு இரண்டு போதும், ஒவ்வொன்றும் நான்கு சரணத்துக்கு மேல் வேண்டாம். இசைக்கருவி இல்லாவிட்டால் வழக்கமாக நடப்பது, முதல் வரியைச் சௌகரியமான உயரத்தில் எடுத்துவிட்டு மூன்றாவது வரியில் எல்லோரும் கத்துவது. பாட்டெடுப்பவர் அந்தப் பாட்டின் மிக உயர்ந்த வரியை முதலில் தனக்குள் முனகிப் பார்த்து, அது எட்டும்படி தொடக்க சுரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். போகப்போகச் சுருதி இறங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், துணைக்கருவி இல்லாத பாட்டில் அது நடக்கும்.

இப்போது கையேடு. இரண்டு ஏ4 தாள்களை இருபக்கமும் அச்சிட்டு மடித்தால் எட்டுப் பக்கம். மாலை ஆராதனை முழுவதும் அதற்குள் அடங்கும். எழுத்தளவு 14, சபையார் சொல்வது தடித்த எழுத்தில், நடத்துகிறவர் சொல்வது சாதாரண எழுத்தில். பக்கம் திருப்பும் இடம் பாவ அறிக்கையின் நடுவிலோ விசுவாசப் பிரமாணத்தின் நடுவிலோ விழக் கூடாது. விழுந்தால் ஒவ்வொரு வாரமும் அதே வரியில் பதினைந்து தாள்கள் சரசரக்கும், குரல்கள் சிதறும். பதினைந்து பேருக்கு இருபது பிரதி எடுங்கள், நாற்பது தாள் ஆகும். மாறும் பகுதிகளை, அதாவது அந்த நாளுக்குரிய ஜெபம், வாசிப்பு எண்கள், பாட்டு ஆகியவற்றை, கையேட்டில் அச்சிடாமல் தனித் துண்டுத் தாளில் கொடுத்தால் கையேடு ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

திருவிருந்து நாளில் கூடுதல் ஏற்பாடுகள் உண்டு. சாப்பாட்டு மேசையையே பயன்படுத்தினால் அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாஸ் புட்டிகூட. தேய்த்த வெள்ளைத் துணி, கிண்ணம், தட்டு, திராட்சரசம், சிறிது தண்ணீர், கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்க இரண்டு சிறு துணிகள். அப்பம் சாதாரணமாகச் சாப்பிடும் அப்பமாக, கிடைப்பதில் சிறந்த கோதுமை அப்பமாக இருந்தால் போதும் என்கிறது 1662 விதி. ஆனால் உதிரும் அப்பத்தை வாங்காதீர்கள். பிட்கும்போது துகள் மேசையெங்கும் சிதறும், குருவானவர் கடைசியில் கம்பளத்தில் குனிந்து பொறுக்க நேரும். அடர்த்தியான சிறு அப்பம் ஒன்று பதினைந்து பேருக்குத் தாராளம். வட்ட அப்பமாக இருந்தால் ஆளுக்கு ஒன்று, மேலே மூன்று நான்கு. திராட்சரசம் ஒருவருக்கு 5 மில்லி என்று எடுத்தால் பதினைந்து பேருக்கு 75. கிண்ணத்தில் 100 மில்லியைத் தாண்ட வேண்டாம். அர்ப்பணித்தபின் மீதியிருப்பதை எடுத்து வைக்காமல் அங்கேயே பயபக்தியோடு உட்கொள்ள வேண்டும் என்பது விதி. அரைக் கிண்ணம் மிஞ்சினால் குருவானவர் வண்டியோட்டி வீட்டுக்குப் போக வேண்டியிருப்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கோதுமைப் புரதம் ஒவ்வாதவர் இருந்தால் அவருக்குக் குளூட்டன் நீக்கிய அப்பத்தைத் தனித் தட்டில், மூடி வையுங்கள். அந்த அடையாளம் போட்ட பொருளில் அது பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். பலரும் தட்டைப் பிரித்து வைத்துவிட்டுக் கிண்ணத்தை மறந்துவிடுகிறார்கள். அப்பத்தை ரசத்தில் தோய்த்து எடுக்கும் வழக்கம் இருந்தால் துகள் எல்லாம் கிண்ணத்துக்குள்தான் இருக்கும். அவருக்கு முதலில் கொடுங்கள், அல்லது தனிச் சிறு கிண்ணம் வையுங்கள். தோய்ப்பதால் சுத்தம் கூடுகிறது என்ற நம்பிக்கையும் சரியல்ல. விரல் நுனி ரசத்தில் படுகிறது. விளிம்பை உள்ளும் புறமும் துடைத்து, கிண்ணத்தைச் சற்றுத் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பதே நல்ல முறை. மது தொடக் கூடாதவர்கள் அப்பத்தை மட்டும் பெறலாம், அதுவும் முழுத் திருவிருந்துதான். இதை ஆராதனைக்கு முன் பொதுவாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கிண்ணத்தை மறுத்து ஒருவர் தலையாட்டுவதும் மற்றவர்கள் பார்ப்பதும் வேண்டாம். பங்குபெறாதவர்கள் கைகளை மார்பில் குறுக்கே வைத்து ஆசீர்வாதம் பெறலாம் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லலாம்.

சமாதானம் பகிரும் இடத்தில் ஒரு வேடிக்கைக் கணக்கு. பதினைந்து பேரும் எல்லோரோடும் கைகுலுக்கினால் 105 கைகுலுக்கல்கள். நலம் விசாரிப்பும் சேர்ந்தால் ஐந்து நிமிடம் போய்விடும், அதற்குப் பின் திருவிருந்து ஜெபத்துக்குத் திரும்ப மனம் வராது. இரு பக்கத்திலும் எதிரிலும் இருப்பவரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மிச்ச விசாரிப்புக்குத்தான் சாப்பாடு இருக்கிறதே.

சாப்பாட்டில் முதல் விதி, ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஐந்து இனிப்பும் இரண்டு சாலடும் வரும், பசிக்கு ஒன்றும் இருக்காது. ஒரு வீடு முதன்மை உணவை ஒரே பெரிய பாத்திரத்தில் சமைக்கட்டும். துணை உணவு ஒரு வீடு, காய்கறியும் பழமும் ஒரு வீடு, தட்டும் தண்ணீரும் ஒரு வீடு. சுற்றுமுறையில் வாராவாரம் நகரட்டும். அளவு: பெரியவர் ஒருவருக்கு அரிசியோ பாஸ்தாவோ சமைக்காத நிலையில் 80 முதல் 90 கிராம், பயறு வகை என்றால் 50 முதல் 60 கிராம், காய்கறி 150 கிராம், குடிக்கத் தண்ணீர் அரை லிட்டர். பதினைந்து பேருக்கு தானியம் சுமார் 1.3 கிலோ. சொல்லாமல் வரும் இருவருக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ போடுங்கள். புதியவர் வந்த அன்று சாப்பாடு குறைந்தால் அவர் மறுபடி வரத் தயங்குவார்.

வயிறு கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் நேரம்தான். மாலைக் கூட்டத்துக்கு மதியம் மூன்று மணிக்குச் சமைத்து, மூடிய பாத்திரத்தில் அப்படியே விட்டு, ஏழு மணிக்குப் பரிமாறுகிறார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நான்கு மணி நேரம். சோற்றில் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே “பரிமாறுமுன் நன்றாகச் சூடாக்கினோமே” என்பது பதிலாகாது. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன் சமைத்து முடியுங்கள், அல்லது 60 டிகிரிக்குக் குறையாமல் வெப்பக் காப்புப் பெட்டியில் வையுங்கள். முந்தின நாளே சமைப்பதென்றால் அகலமான தட்டுகளில் பரப்பி விரைவாக ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்க 75 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். பாத்திரத்தின் முன் ஒரு துண்டுச் சீட்டில் கடலை, பால், முட்டை, கோதுமை, மீன் எது இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

சமையலில் போட்டி நுழைவதையும் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டில் மூன்று வகை வைத்தால் அடுத்த வீட்டில் நான்கு, அதற்கடுத்த வீட்டுக்காரர் “இந்த மாதம் எங்களுக்குத் தோதுப்படாது” என்பார். ஒரு முதன்மை, ஒரு துணை, ஒரு பழம், அதற்கு மேல் கூடாது என்று எழுத்திலேயே வைத்துவிடுங்கள். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இன்னும் எளிமையாக, சூப்பும் ரொட்டியும் போதும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ஞாயிறுகளை நீக்கினால் நாற்பது நாள். ஜெபப்புத்தகத்தின் உபவாசப் பட்டியலில் கிறிஸ்துமஸ் தவிர்த்த எல்லா வெள்ளிக்கிழமைகளும் இருக்கின்றன. உங்கள் ஐக்கியம் வெள்ளிக்கிழமை கூடுவதானால் விருந்து வைக்கும் முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவுவதைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் விட முடியாது. சாப்பாடு முடிந்ததும் இரண்டு மூன்று பேர், பெரும்பாலும் அதே பெண்கள், எழுந்து சமையலறைக்குப் போவார்கள். வேதபாடம் அவர்கள் இல்லாமல் தொடங்கும். ஓர் ஆண்டு இப்படிப் போனால் அந்த வீடுகளின் வேத அறிவைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றியதாக ஆகும். பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு எல்லோரும் மேசைக்குத் திரும்ப வேண்டும். கழுவுவது முடிவு ஜெபத்துக்குப் பின், முறை வைத்து, ஆண்களும் சேர்த்து.

வேதபாடத்துக்கு 40 நிமிடம். அதில் பேச்சு 15, கலந்துரையாடல் 20, மௌனமும் ஜெபமும் 5. பாடம் அன்று ஆராதனையில் வாசித்த பகுதியிலிருந்தே வரட்டும். நடத்துகிறவர் தனக்குப் பிடித்த தலைப்பைக் கொண்டுவந்தால் ஆறு மாதத்தில் கூட்டம் அவருடைய கூட்டமாகிவிடும். அட்டவணை அவருக்குப் பிடிக்காத பகுதிகளையும் அவர் முன் வைக்கும். தொடர்பாடம் வேண்டுமென்றால் ஜெபப்புத்தகத்தின் வினாவிடை இருக்கிறது: விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், 1604இல் சேர்க்கப்பட்ட திருமுழுக்கு, திருவிருந்துப் பகுதி. எட்டுப் பத்து வாரம் போகும். ஆங்கிலிக்கன் சபையின் கொள்கைகளைச் சொல்லும், 1571இல் முழு வடிவம் பெற்ற 39 பிரிவுகளையும் வாரம் ஒன்றாக எடுத்தால் விடுமுறைகள் போக ஓர் ஆண்டுப் பாடம். ஆனால் புதிய விசுவாசிகள் நிறைந்த கூட்டத்தில் அதைத் தொடங்க வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டுச் சண்டைகளின் பின்னணியைச் சொல்லவே பாதி நேரம் போய்விடும்.

கேள்விகளை முன்பே எழுதி வையுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். “இயேசு அவனை மன்னித்தாரா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்று ஒருவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். “இந்தப் பகுதியில் யார் பேசாமல் இருக்கிறார், ஏன்?” என்று கேட்டால் எல்லோரும் புத்தகத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். கேட்டபின் பத்து விநாடி வாயைத் திறக்கக் கூடாது. நடத்துகிறவர் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டால், பொறுத்திருந்தால் அவரே சொல்லிவிடுவார் என்று கூட்டம் கற்றுக்கொள்ளும். அதிகம் பேசுகிறவரை நேரடியாக நிறுத்தாமல், “இன்னும் பேசாதவர் யாராவது” என்று கேட்டு நகருங்கள்.

கருத்து வேறுபாடு வரத்தான் செய்யும். ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே பல விஷயங்களில் பல நிலைகள் இருக்கின்றன. அங்கே அந்த 39 பிரிவுகளில் ஆறாவது கைகொடுக்கும். இரட்சிப்புக்கு வேண்டியதெல்லாம் வேதத்தில் இருக்கிறது, அதில் இல்லாததை, அதைக்கொண்டு நிரூபிக்க முடியாததை, விசுவாசிக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. ஒருவர் தன் கருத்தை எல்லோருக்கும் விதியாக்கப் பார்க்கும்போது இந்தப் பிரிவை வாசித்தால் சூடு தணியும். தீராத கேள்விகளை ஒரு தாளில் எழுதி, குருவானவர் வரும் வாரத்துக்கு வைத்துவிடுங்கள்.

குழந்தைகளைத் தனி அறையில் வைத்துப் பாடம் நடத்தினால் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். வீட்டுக் கூட்டம்தானே, தெரிந்தவர்கள்தானே என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அத்தியட்சாதீனத்தின், அதாவது பேராயரின் ஆளுகைப் பகுதியின், பாதுகாப்பு விதிகள் வீட்டுக் கூட்டத்துக்கும் பொருந்தும். காணிக்கை எடுத்தால் இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, சபைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சாப்பாட்டுச் செலவுக்கான பெட்டி தனி, காணிக்கை தனி.

முடிவில் எல்லோரும் சேர்ந்து 2 கொரிந்தியர் 13:14ஐச் சொல்லி, அறிவித்த நேரத்துக்கே முடியுங்கள். பேச விரும்புகிறவர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசட்டும், காலையில் சீக்கிரம் எழ வேண்டியவர் தயக்கமில்லாமல் கிளம்பட்டும்.

எண்ணிக்கை இருபதைத் தாண்டினால் கலந்துரையாடலில் பேசாதவர்கள் பெருகுவார்கள். சுவரோரம் இரண்டாம் வரிசை உருவாகும். இன்னும் பெரிய அறை தேடுவதைவிட இரண்டு கூட்டமாகப் பிரிவது நல்லது, மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு மட்டும் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு இரண்டாவது கூட்டத்தை நடத்த ஆள் வேண்டும். ஆகவே தொடக்கத்திலிருந்தே மாதத்தில் ஒரு வாரம் வேறொருவர் நடத்தட்டும். அன்று வழக்கமாக நடத்துகிறவர் பின்வரிசையில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், தடித்த எழுத்தில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும்.